அந்த நாலு வீட்டில் ஒன்று

அன்பு மகளுக்கு,

கோபன்ஹேகன் அமாலியன்போர்க் சதுக்கத்தில் நீயும் மாப்பிள்ளையும் எடுத்த படம் கிடைத்தது. அம்மா உன் கோட்டு மெல்லிசாக இருக்கிறதே என்று கவலைப்பட்டாள், நான் பின்னால் நிற்கும் மாளிகைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ராஜா வீடு என்று எழுதியிருக்கிறாய். சுற்றி நாலும் ஒரே அச்சுதான், ஆனால் நாலையும் கட்டியவர்கள் பிரபுக்கள். அதில் ஒருவர் ஆதாம் கோட்லொப் மோல்ட்கெ. டேனிஷ்காரரே இல்லை, 1710இல் ஜெர்மனியின் மெக்லன்பர்க்கில் பிறந்தவர்.

சின்ன வயதில் டென்மார்க் அரண்மனைக்கு ஏவல் பையனாக வந்தார். இளவரசர் பிரெடெரிக்கோடு ஒட்டிக்கொண்டார். 1746இல் இளவரசர் ராஜாவானதும், அவருக்குக் குடியே பெரும்பாடாக இருந்ததால், நிர்வாகமெல்லாம் இவர் கைக்கு வந்துவிட்டது. பிரெகென்ட்வெட் பண்ணை கிடைத்தது, 1750இல் கவுண்ட் என்ற பிரபுப் பட்டமும். இரண்டு தாரம், 22 பிள்ளைகள்! அம்மாவிடம் சொன்னேன், நம்பவில்லை.

சதுக்கத்தின் நடுவில் குதிரைமேல் இருப்பவர் அதே ராஜாதான். சிலைக்குப் பணம் கொடுத்தது ஆசியக் கம்பெனி, அதற்குத் தலைவர் மோல்ட்கெ. நம்ம தரங்கம்பாடிக்குக் கப்பல் விட்ட கம்பெனி அது. 1794இல் கிறிஸ்டியன்ஸ்போர்க் அரண்மனை எரிந்து போக்கிடமில்லாமல் நின்றபோதுதான் ராஜ குடும்பம் இந்த வீடுகளை வாங்கிக் குடிவந்தது.

எத்தனை வருஷம் இருந்தாலும் எந்த ஊர் என்றுதான் கேட்கிறார்கள் என்று போனில் அலுத்துக்கொண்டாயே, அதனால்தான் இதையெல்லாம் தேடிப் படித்தேன். மோல்ட்கெ மாதிரி வெளியிலிருந்து வந்தவர்களையும் அப்படித்தான் கேட்டிருக்கிறார்கள். அரசவையில் ஜெர்மன்காரர்கள் ஆட்டம் அதிகமாகிவிட்டது என்று 1776இல் சட்டமே போட்டார்கள், அந்த ராஜ்யத்தில் பிறந்தவர்களுக்குத்தான் அரசு உத்தியோகம் என்று. அப்புறம் பார், 1848இல் ஜெர்மன்காரர்களோடு சண்டை மூண்டபோது டென்மார்க்கின் பிரதமர் அந்த மோல்ட்கெயின் பேரன் ஆதாம் வில்ஹெல்ம் மோல்ட்கெ. அதே குலத்தின் இன்னொரு கிளையில் வந்த ஹெல்மூத், கோபன்ஹேகன் ராணுவப் பள்ளியில் படித்து டேனிஷ் படையில் அதிகாரியாகவும் இருந்தவர், 1822இல் பிரஷ்யா என்ற ஜெர்மன் ராஜ்யத்துக்குப் போய்விட்டார். 1864இல் ஸ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன் என்ற பகுதிகளை டென்மார்க் இழந்த போரில் பிரஷ்யத் தளபதிகளின் பக்கம் திட்டம் போட்டது அவர்தான்.

பிரெகென்ட்வெட் இன்னும் அந்தக் குடும்பத்திடம்தான் இருக்கிறது. சரி, அடுத்த முறை போனால் அந்தக் குதிரையைக் கிட்டத்தில் ஒரு படம் எடுத்து அனுப்பு. கோட்டு புதிதாக வாங்கிக்கொள் என்று அம்மா சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா