சென்சாரை மாற்றும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் கார் பராமரிப்புப் பக்கத்தில், டேஷ்போர்டில் சறுக்கும் கார் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தால் உடனே ஒர்க்‌ஷாப் போகச் சொல்லியிருந்தீர்கள். போன இடத்தில் என்ன கேட்க வேண்டும் என்பதையும் எழுதியிருக்கலாம். அது தெரியாமல்தான் நான் 14,000 ரூபாய் இழந்தேன்.

டயர் மாற்றி வீல் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) செய்த மறுநாளே எனக்கு அந்த விளக்கு எரிந்தது. காரின் கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனர் போட்டவர், ‘ஸ்டீயரிங் ஆங்கிள் சென்சார் போயிடுச்சு’ என்றார். ஸ்டீயரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று அளக்கும் சென்சார் அது. புதிது போட்டோம். இரண்டே நாளில் விளக்கு திரும்ப வந்துவிட்டது.

பிறகு வேறொரு மெக்கானிக் என்னை நேரான ரோட்டில் ஓட்டச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து ஸ்கேனரில் லைவ் டேட்டா பார்த்தார். கார் நேராகப் போகும்போது 0-ஐ ஒட்டி நிற்க வேண்டிய கோணம் 9 டிகிரி காட்டியது. வண்டியை நிறுத்தி ஸ்டீயரிங்கை இரு பக்கமும் மெதுவாகத் திருப்பச் சொன்னார். எண் எங்கும் தாவாமல், விட்டுப்போகாமல் சீராக ஏறி இறங்கியது. “சென்சார் நல்லா இருக்கு சார். அலைன்மென்ட்ல ஸ்டீயரிங்கை நேரா நிறுத்தாம விட்டுட்டாங்க” என்றார். ஸ்டீயரிங்கைச் சக்கரங்களோடு இணைக்கும் டை ராடைச் சரிசெய்து, ஸ்கேனரில் பூஜ்யத்தைப் புதிதாகப் பதிய வைத்தார். அதன்பின் விளக்கு எரியவே இல்லை. பழைய சென்சாரும் நன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

ஓட்டுநர் எந்தப் பக்கம் திருப்புகிறார் என்று இந்த சென்சார் சொல்வதையும், கார் உண்மையில் எவ்வளவு திரும்புகிறது என்று மற்ற சென்சார்கள் சொல்வதையும் இ.எஸ்.சி. (கார் சறுக்காமல் காக்கும் அமைப்பு) ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் விளக்கைப் போட்டுவிடும். ஸ்கேனரில் வரும் சி0051 போன்ற கோடு (கோளாறுக் குறியீடு), கோளாறு எந்தப் பகுதியில் என்று மட்டுமே சொல்கிறது. யு0126 வந்தால் சென்சாரிடமிருந்து தகவலே வரவில்லை என்று பொருள். முதலில் பார்க்க வேண்டியது ஃபியூஸ், வயர், கனெக்டர். பேட்டரி வோல்டேஜ் இறங்கினாலும் இத்தகைய கோடுகள் வரும். மலிவான புளூடூத் ஸ்கேனர்கள் பெரும்பாலும் எஞ்சின் கோடுகளை மட்டுமே படிக்கும். அது ‘கோளாறு இல்லை’ என்று காட்டுவதை நம்பி இருந்துவிடக் கூடாது.

ஒரு எச்சரிக்கை: பல கார்களில் இந்த சென்சார் ஏர்பேக்குக்குப் பின்னால், கிளாக் ஸ்பிரிங்கோடு (ஸ்டீயரிங் திரும்பினாலும் ஏர்பேக்கின் மின் இணைப்பு அறாமல் வைக்கும் சுருள்) சேர்ந்து இருக்கிறது. வீட்டில் கழற்றிப் பார்க்கவே வேண்டாம்.

அலைன்மென்ட் கடைக்காரர்கள் ஸ்டீயரிங்கை நேராக நிறுத்தியதையும், வேலை முடிந்தபின் ஸ்கேனர் காட்டிய கோணத்தையும் பில்லில் எழுதித் தர வேண்டும் என்று அடுத்த இதழிலாவது வலியுறுத்துங்கள்.

இப்படிக்கு,
வாசகர், திருப்பூர்