எண்ணிய அன்று கண்மாயில் தண்ணீர் எவ்வளவு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வருடா வருடம் பறவைக் கணக்கெடுப்பு முடிந்ததும் உங்கள் பத்திரிகையில் 'ராமநாதபுரத்தில் பறவைகள் வரத்து அதிகரிப்பு' என்றோ 'சரிவு' என்றோ ஒரு செய்தி வந்துவிடுகிறது, கூடவே ஒரு பூநாரைப் படம். படம் அழகுதான், அதில் குறை சொல்லவில்லை. ஆனால் எண்ணிய அன்று கண்மாயில் எவ்வளவு தண்ணீர் கிடந்தது, கடலோரத்தில் எத்தனை மணிக்கு எண்ணினார்கள் என்று ஒரு வரிகூட இருப்பதில்லை. அது இல்லாமல் அந்த எண்ணை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது?

சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், மேலச்செல்வனூர், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் என்று நம் மாவட்டத்தின் பறவைச் சரணாலயங்கள் எல்லாமே கண்மாய்கள்தானே. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் கருவேல மரங்களைச் சுற்றித் தண்ணீர் நிற்கும், சங்குவளை நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டும். மழை பொய்த்தால் அவை தண்ணீர் இருக்கிற வேறு இடத்துக்குப் போய்விடும். அந்த வருடம் ஒரு கண்மாய்க் கரையில் மட்டும் நின்று எண்ணினால் இனமே அழிந்துகொண்டிருக்கிற மாதிரித்தான் தெரியும். இடம் மாறியதா, உண்மையிலேயே குறைந்ததா என்று சொல்ல வேண்டுமானால் சுற்றுவட்டாரக் கண்மாய்கள் அத்தனையையும் ஒரே நாளில், அதுவும் பல வருடங்கள் விடாமல் எண்ண வேண்டும்.

கடலோரம் இன்னும் சிக்கல். மண்டபத்துக்கு எதிரே மணலித் தீவு, முயல் தீவுப் பக்கம் உள்ளான் என்னும் சிறு கரைப்பறவைகள் வத்தத்தில், அதாவது கடல் நீர் இறங்கும் நேரத்தில், வெளியே தெரியும் சேற்றில்தான் மேயும். தண்ணீர் ஏறினால் ஒதுங்கி ஓரிடத்தில் கூட்டமாக நிற்கும், எண்ணுவதற்கு அதுதான் வசதியான நேரம். நம் கடலில் ஏற்றத்துக்கும் வத்தத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர்கூட இல்லை என்பதால், பாக் நீரிணைப் பக்கம் வாடை பலமாக அடித்தாலே மேய்ச்சல் சேறு மூழ்கிவிடும். இது எங்கள் ஊர் மீனவர்களைக் கேட்டாலே சொல்வார்கள்.

சரி, எண்ணிக்கை நிஜமாகவே குறைந்திருக்கிறது என்றே வையுங்கள். காரணம் இங்கேதான் இருக்க வேண்டும் என்றில்லை. இங்கு வரும் வளைமூக்கு உள்ளான் குஞ்சு பொரிப்பது சைபீரியாவின் வடகோடியில். அங்கே லெம்மிங் என்னும் எலி குறைந்துபோகும் வருடங்களில் பசித்த நரிகள் உள்ளான் குஞ்சுகள் பக்கம் திரும்பிவிடுகின்றன, அந்தப் பருவத்தில் இளம்பறவைகள் குறைவாகவே தெற்கே வரும். ஆகவே தலையை எண்ணினால் மட்டும் போதாது, அதில் இளசு எத்தனை என்றும் பார்க்க வேண்டும், அதற்குப் பறவையைப் பிடித்து, வயதைப் பார்த்து, காலில் அடையாள வளையம் மாட்டிவிடும் வேலை தொடர்ந்து நடக்க வேண்டும். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் எஸ். பாலச்சந்திரன் 1980-களில் மண்டபத்திலும் பக்கத்துத் தீவுகளிலும் இந்த மாதிரி வேலையை வருடக்கணக்கில் செய்தவர். அந்த ஆய்வைப் பற்றி உங்கள் பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்தால் பூநாரைப் படத்தைவிட ஆர்வமாகப் படிப்பேன்.

2025-ல் தனுஷ்கோடியில் சுமார் 525 ஹெக்டேரைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தார்கள், சந்தோஷம். ஆனால் பூநாரைக்கு வேண்டியது முழங்கால் அளவு உப்புத் தண்ணீரும் அடியில் சேறும்; அறிவிப்பு அந்த ஆழத்தைக் காப்பாற்றிக் கொடுக்காது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு ஏற்கெனவே கடலுக்குள் போய்விட்டன. பவளப்பாறையைச் சுண்ணாம்புக்காக வெட்டி எடுத்த காலத்தின் விளைவு அதில் உண்டு. கரை இப்படி மாறும் இடத்தில் பறவையை மட்டும் எண்ணி, நிலத்தை அளக்காமல் விட்டால் எப்படி?

அடுத்த ஜனவரியில் உங்கள் நிருபர் கணக்கெடுப்புக்குப் போகும்போது தண்ணீரின் ஆழத்தையும் கேட்டு எழுதச் சொல்லுங்கள். அதிகாரிக்குத் தெரியாவிட்டாலும் அந்தக் கண்மாயின் ஆயக்கட்டு விவசாயிக்குத் தெரிந்திருக்கும். அப்புறம், வெளியிடும் படம் போன வருடத்துப் படமாக இருந்தால் அதையும் குறிப்பிட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
மண்டபம் வாசகர் ஒருவர்