‘பாலிடிக்ஸ்’ திரையிடலுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

1931இல் எம்.ஜி.எம். வெளியிட்ட ‘பாலிடிக்ஸ்’ படத்தை 35 மி.மீ. பிரதியிலிருந்து குறையில்லாமல் காட்ட முடிந்தது உங்களால்தான். சிற்றூர் ஒன்றில் ஹாட்டி என்ற பெண்மணி மேயர் தேர்தலில் நிற்கிறாள். ஆண்கள் முரண்டு பிடிக்க, மனைவிமார் வேலைநிறுத்தத்தில் இறங்குகிறார்கள். ஹாட்டியாக நடித்த மேரி டிரெஸ்லர் முகம் சுளித்தாலே சிரிப்பு வந்துவிடும். அந்த முகம் முழுதாகத் திரையில் விழ வேண்டுமே!

ஆபரேட்டர் அண்ணனுக்கு முதல் நன்றி. ஒலித்தடம் ஃபிலிமின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டதால் அந்நாளைய பிரேம் ஏறக்குறையச் சதுரம்: அகலம் 1.19க்கு உயரம் 1. 1932இல் வந்த 1.37 அளவு அபர்ச்சர் பிளேட்டை (பிரேமில் எவ்வளவு திரைக்குப் போக வேண்டும் என்று வரையறுக்கும் துளையிட்ட தகடு) போட்டால் மேலே தொப்பியும் கீழே தாடையும் போய்விடும். உபரி பிளேட் ஒன்றை மேலும் கீழும் சிறுகச் சிறுக ராவி, திரையில் வெளிச்சம் விட்டுப் பார்த்து, விளிம்புக்கு மினுக்கமில்லாத கறுப்பு அடித்தீர்கள். இரும்புத்தூள் ஒரு துணுக்கு, விளக்கின் முன் ஃபிலிம் கடந்துபோகும் ‘கேட்’டில் சிக்கினாலும் பிரதி நெடுகக் கீறல் விழும். அதனால் அரம் புரொஜெக்டர் கேபினுக்குள் வரவே இல்லை. உயரம் கூடிய படம் திரையைத் தாண்டாதிருக்க, குவியதூரம் கூடிய லென்ஸை இரவல் தந்தவருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஒலியைப் பார்த்துக்கொண்ட தம்பிக்கு: ஒலித்தடத்தைப் படிக்கும் எக்சைட்டர் விளக்கின் ஒளிக்கோடு இம்மி சாய்ந்தாலும் ‘ஸ’ மழுங்கும். பேச்சை நம்பியே ஓடும் படத்துக்கு அது பெரிய கேடு. கோட்டை நேராக்கிய பிறகே 8,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட கீச்சொலிகளைக் குறைத்தீர்கள்; இரைச்சல் அடங்கியது, சொல் தேயவில்லை. ஃபிலிமில் ஒலி படத்தைவிட 20 பிரேம் முன்னால் இருக்கும். கேட்டுக்குக் கீழே ஃபிலிமைத் தொய்வாக விடும் வளையமான கீழ் லூப் 4 பிரேம் பிசகினாலே உதடும் குரலும் விநாடியில் ஆறில் ஒரு பங்கு விலகும். ரீலுக்கு ரீல் எண்ணிப் போட்டவர்களுக்கு நன்றி.

சப்டைட்டில் எழுதி, திரைக்குக் கீழே ஒவ்வொன்றாகக் கையால் தட்டிவிட்ட இருவரைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் வேடிக்கை பெரும்பாலும் கடைசிச் சொல்லில் இருக்கும். தமிழில் வினை கடைசிக்குப் போய்விடுவதால் அந்தச் சொல் நடுவிலேயே வெளிப்பட்டு, நடிகை சொல்லி முடிக்குமுன் அரங்கம் சிரித்துவிடும். வரியை இரண்டாக முறித்து, இரண்டாம் பாதியை அந்தச் சொல் ஒலிக்கும் கணத்தில் விட்டீர்கள். நடிகர் ரோஸ்கோ ஏட்ஸ் திக்கிப் பேசும் இடங்களில் எழுத்தைத் திக்கவைக்காமல் நேர் வாக்கியமாக விட்டதும் நல்ல முடிவு. திக்கலைக் காது கேட்டுக்கொள்ளும்.

ஃபிலிம் துண்டுகளை இணைத்த ஒட்டுகளைச் சரிபார்த்துப் பிரதியைத் திருப்பி அனுப்பியாயிற்று. ராவிய பிளேட் ‘1.19’ என்ற சீட்டோடு கேபின் அலமாரியில் இருக்கிறது. 1929 முதல் 1932 வரையிலான படம் போடுகிறவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

நன்றியுடன்,
திரையிடல் குழுவினர்