ரெட்ரீவர் குட்டி வாங்குவோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேட்டையில் சுடப்பட்ட பறவையைப் பல் பதியாமல் கவ்விவந்து கையில் ஒப்படைப்பதற்கென்றே உருவாக்கப்பட்டவை லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர் போன்ற நாய் இனங்கள். அந்த மென்மையும் சொல் கேட்கும் குணமுமே அவற்றை வீட்டுக்கும் நல்ல துணையாக்கின. ஆனால், குட்டி வாங்குவோர் பலர் நிறத்தையும் பரிசுக் கோப்பைகளையும் பார்க்கிறார்களே தவிர, தாய், தந்தை நாய்களின் இடுப்பு எக்ஸ்ரேயைக் கேட்பதில்லை. இடுப்பு மூட்டுக் குறைபாட்டில் மரபுக்குப் பெரும் பங்குண்டு. 2 வயது நிறைந்தபின் எடுத்த எக்ஸ்ரேயே கூடுதலாக நம்பத்தக்கது என்பதால், அதற்கு முன்பே இணை சேர்ப்பது, என் பார்வையில், பொறுப்பற்ற செயல். பார்வையைப் படிப்படியாகப் பறிக்கும் ஒருவகை விழித்திரைச் சிதைவோ, நோய் மரபணுவைச் சுமந்தும் நலமாகத் தோன்றும் இரு நாய்களை இணைத்தால், ஒவ்வொரு குட்டிக்கும் 25 சதவீத வாய்ப்புடன் வந்து சேரும். மரபணுப் பரிசோதனை இருக்க, இது தவிர்க்கக்கூடியதே. பெற்றோர் நாய்கள் இரண்டின் அறிக்கைகளையும் காட்ட மறுப்பவரிடம் குட்டி வாங்கவே வேண்டாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்