பையம்பள்ளியில் கருகியது கேழ்வரகுதானா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

முதல் உழவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையை மாவு மில்லில் உட்கார்ந்தே படித்து முடித்தேன். வடாற்காட்டுப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்காத ஒரு விஷயத்தைத் தொட்டதற்கு நன்றி. ஆனால் "பையம்பள்ளியில் கேழ்வரகு கிடைத்தது, ஆகவே நம் முன்னோர் மூன்று வேளையும் களிதான் தின்றார்கள்" என்று ஒரே தாவாகத் தாவிவிட்டீர்கள். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

திருப்பத்தூருக்கு அருகில் உள்ள பையம்பள்ளியில் இந்தியத் தொல்லியல் துறை 1960களில் அகழாய்வு செய்தது. புதிய கற்கால மக்கள் வாழ்ந்த அடுக்கில் கருகிய தானியங்கள் கிடைத்தன. கொள்ளு, பச்சைப் பயறு, கேழ்வரகு என்று அவற்றைப் பதிவு செய்தார்கள். கொள்ளிலும் பயறிலும் பெரிய தகராறு இல்லை. தென்னிந்தியப் புதிய கற்கால ஊர்களில் திரும்பத் திரும்பக் கிடைப்பவை அவைதான். கேழ்வரகு கதை வேறு. அது கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்தில் பயிராக்கப்பட்டு, பிறகு இங்கு வந்து சேர்ந்தது. இந்தியாவில் கிடைத்ததாகச் சொல்லப்பட்ட பழைய கேழ்வரகுப் பதிவுகளை லண்டன் தொல்தாவரவியலாளர் (பழங்காலத் தாவர எச்சங்களை ஆராய்பவர்) டோரியன் ஃபுல்லர் மறுபடி ஆராய்ந்தார். அவற்றில் பல வேறு சிறுதானியங்களாகவோ புல் விதைகளாகவோ இருக்கலாம் என்று எழுதினார். கருகும்போது மணி உப்பி, மேல்தோல் உரிந்து, உருவமே மாறிவிடும். நுண்ணோக்கியில் தோலின் செல் அமைப்பைப் பார்க்காமல் இது இன்னது என்று அடித்துச் சொல்ல முடியாது.

ஃபுல்லரும் தார்வாடைச் சேர்ந்த ரவி கோரிசெட்டரும் கர்நாடகத்துச் சங்கனகல்லு போன்ற இடங்களின் மண்ணை ஆராய்ந்தபோது, முக்கியத் தானியங்களாக வெளிவந்தவை குலசாமை என்ற சிறுதானியமும் ஒரு வகைக் காட்டுத் தினையும்தான். இரண்டுமே இந்த மண்ணின் புற்கள். குலசாமை என்று கேட்டால் இன்று மில்லுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் முழிப்பார்கள். அதற்கு ஒரு வரிகூட ஒதுக்காமல் கேழ்வரகுக்கு மட்டும் மாலை போட்டது எனக்கு வருத்தம்தான்.

அந்த மணிகள் எப்படிக் கண்ணில் பட்டன என்பதையும் சொல்லியிருக்கலாம். சாமை, குலசாமை மணிகள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். அகழாய்வுக் குழியில் மண்ணைச் சலிக்கும் சாதாரணச் சல்லடையில் அவை மண்ணோடு மண்ணாகப் போய்விடும். அதனால் அடுப்படி, குப்பைக்குழி மண்ணை வாளித் தண்ணீரில் கரைத்துக் கிளறுகிறார்கள். கரி மேலே மிதக்கும். அதை மெல்லிய வலையில் வடித்து, வெயில் படாமல் நிழலில் உலர்த்துகிறார்கள். வெயிலில் போட்டால் வெடித்துவிடும். பையம்பள்ளியைத் தோண்டிய காலத்தில் இந்த முறை இங்கு பழக்கத்துக்கு வரவில்லை. ஆகவே அங்கே கிடைக்காதது எதுவும் அங்கே இல்லாதது ஆகாது.

இனி என் தொழில் பேசுகிறேன். ஜவ்வாது மலைச் சாமை மில்லுக்கு வரும்போது உமி, கல், களை விதை எல்லாம் கலந்தே வரும். முதல் புடைப்பில் போவது ஒன்று, குத்திய பிறகு போவது வேறு. தொல்தாவரவியலாளர்கள் பார்ப்பதும் இதைத்தான். ஒரு வீட்டுச் சாம்பலில் உமியும் சிறு களை விதையும் நிறைய இருந்தால், தானியத்தைக் குத்திப் புடைத்த வேலை அங்கேயே நடந்திருக்கிறது. சுத்தமான மணி மட்டும் கிடந்தால் வேலை வேறெங்கோ முடிந்து, அரிசியாக வந்து சேர்ந்திருக்கிறது. யார் எங்கே உட்கார்ந்து குத்தினார்கள் என்பது வரை அந்தக் கழிவு சொல்லும். உமியை யாரும் அருங்காட்சியகத்தில் வைக்க மாட்டார்கள், அது வேறு விஷயம்.

அப்புறம், நெருப்பில் படுவதுதான் கரியாகி மிஞ்சும். கொள்ளை வறுக்கிறோம், ஆகவே அது தப்பிப் பிழைக்கிறது. கீரை, பால், தேன் எல்லாம் தடமில்லாமல் போகும். வள்ளிக்கிழங்கு போன்றவை அதிர்ஷ்டம் இருந்தால் கருகிய சதைத் துணுக்காகக் கிடைக்கும். பாலுக்கும் கறிக்கும் பானை ஓடுகளைக் கேட்க வேண்டும். சுட்ட மண்ணில் ஊறிய கொழுப்பைப் பிரித்து, அதிலுள்ள கரிம ஐசோடோப்புகளை (எடை வேறுபட்ட கரிம அணுக்களை) அளந்தால் பால் கொழுப்பா, இறைச்சிக் கொழுப்பா என்று தெரியும்.

எலும்பில் பார்த்தால் போதும் என்கிறது உங்கள் கட்டுரை. எலும்பு ஓரளவுதான் சொல்லும். சாமை, கேழ்வரகு, கம்பு, சோளம் எல்லாம் ஒரே வகையான கரிமத் தடத்தை விட்டுச் செல்லும். நெல்லும் கொள்ளும் இன்னொரு வகை. சாமைச் சோறா, களியா என்று எலும்பு பிரித்துக் காட்டாது. அந்த வகைப் புல்லை மேய்ந்த மாட்டின் பாலைக் குடித்தவனுக்கும் கிட்டத்தட்ட அதே தடம்தான் வரும். நைட்ரஜனையும் சேர்த்து அளந்தால் கொஞ்சம் தெளியும். நம்மூர் வெப்பத்தில் கொலாஜன் என்ற எலும்புப் புரதம் பெரும்பாலும் சிதைந்துபோவதால் பல நேரம் பல்லின் எனாமலைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளை நெல்லையும் இழுத்திருந்தீர்கள். கி.மு. 1155 என்று 2021இல் அறிவிக்கப்பட்ட அந்த நெல் முதுமக்கள் தாழிக்குள் கிடைத்தது. செத்தவருக்கு வைத்ததை உயிரோடு இருந்தவர்களின் அன்றாடச் சோறு என்று எடுத்துக்கொள்ள முடியுமா? நாமே படையலுக்கு வைப்பதைத் தினமும் தின்பதில்லையே. களி தின்று நூறு வயது வாழ்ந்தார்கள் என்ற வரிக்குப் பதில் எழுதவே தோன்றவில்லை.

அடுத்த முறை இப்படி எழுதும்போது ஒவ்வொரு தானியமும் வீட்டு அடுப்பிலிருந்து வந்ததா, குப்பைக்குழியிலிருந்தா, தாழியிலிருந்தா என்று ஒரு வரி சேருங்கள். அந்த மணியையே நேரடியாகக் காலக்கணிப்பு செய்தார்களா, அதோடு கிடந்த கரியைச் செய்தார்களா என்பதையும் சொல்லுங்கள். சிறு விதை எலி வளை வழியாக மேலடுக்கிலிருந்து கீழே இறங்கிவிடும் என்பதால் கேட்கிறேன். குலசாமையின் படம் ஒன்றை அளவுகோலோடு போட்டால் மில் சுவரில் ஒட்டிவைப்பேன்.

இப்படிக்கு,
மாவு மில் நடத்தும் வாசகி,
வாணியம்பாடி