சுக்கான் இல்லாமலும் திரும்பும்

அன்புள்ள முரளி,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாளாமே, மகிழ்ச்சி. எனக்குக் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. டாக்டர் படிக்க அனுமதித்த நாளிலிருந்து பழைய கப்பல்களைப் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன். காரணம் நீதான். "அந்தக் காலத்தில் காற்று அடித்த பக்கம் போயிருப்பார்கள்" என்று போகிற போக்கில் எழுதிவிட்டாய். விடுவேனா?

கப்பலைத் திருப்பும் பலகைதான் சுக்கான். கப்பலின் பின்புற நடுவில் கீல் வைத்துப் பொருத்திய சுக்கான் ஐரோப்பாவில் 12ஆம் நூற்றாண்டில்தான் தலைகாட்டுகிறது. அதற்கு முன் கிரேக்கரும் ரோமரும் பின்புறத்தில் பக்கத்துக்கு ஒன்றாகப் பெரிய துடுப்பைக் கட்டித் திருப்பினார்கள். முரட்டு வேலை என்று நினைக்காதே. 120 முழ நீளமுள்ள ஐசிஸ் என்ற தானியக் கப்பலைப் பற்றி 2ஆம் நூற்றாண்டில் லூசியன் என்ற கிரேக்க எழுத்தாளர் எழுதியிருக்கிறார். அந்தப் பூதத்தை முன்வழுக்கை விழுந்த சின்னக் கிழவர் ஒருவர் துடுப்பில் பொருத்திய மெல்லிய கழியை அசைத்தே திருப்பினாராம். பெயர் ஹெரோன். லூசியன் கேலிக்காரர்தான், ஆனாலும் இதை நம்பலாம். துடுப்பின் தண்டு, தண்ணீரில் இருக்கும் தட்டையான அலகின் நடுவை ஒட்டி இறங்குகிறது. தண்டுக்கு இருபுறமும் தண்ணீர் தள்ளும் விசை ஏறக்குறைய சமமாகிவிட, கழியைப் பிடித்தவருக்குப் பெரிய பலம் தேவைப்படாது.

பாயும் சும்மா இருக்கவில்லை. பாயின் முன்பக்கம் வளையங்கள் வழியே ஏறி, பாய் தொங்கும் குறுக்குக் கட்டையான பருமலைத் தாண்டிப் பின்னால் இறங்கும் கயிறுகளை இழுத்தால் வேண்டிய இடத்தில் மட்டும் பாய் சுருங்கும். காற்று எதிர்ப்பக்கமாகத் திரும்பினால் பாயின் பின்பாதியைச் சுருட்டி, முன்பாதியைத் தளர்த்திவிடுவார்கள்.

என்னை அசத்தியது தென் அமெரிக்கப் பசிபிக் கரையில் பால்சா என்ற லேசான மரக்கட்டைகளைக் கட்டிச் செய்த பாய்த் தெப்பம்தான். கட்டைகளின் இடுக்கில் செங்குத்தாகப் பலகைகளைச் செருகுவார்கள். முன்பலகையை ஆழமாக இறக்கினால் தெப்பம் காற்றை நோக்கித் திரும்பும். பின்பலகையை இறக்கினால் காற்றைவிட்டு விலகும். ஏற்றுவது, இறக்குவது, அவ்வளவுதான். 1947இல் கொன்-டிக்கி தெப்பத்தில் பசிபிக்கைக் கடந்த நார்வேக்காரர் ஹெயர்டாலுக்கே அப்போது இந்த வித்தை பிடிபடவில்லை; பின்புறத்தில் நீண்ட துடுப்போடு மல்லுக்கட்டினார்கள். 1953இல் எக்வடோர் கடலில் சோதித்துப் பார்த்த பிறகுதான் விளங்கியது.

இப்போது சொல், காற்று அடித்த பக்கமா போனார்கள்? பதில் எழுது.

அன்புடன்,
சேகர்