எத்தனை நம்பர்? ஒன்றே ஒன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பீளமேட்டில் டிடிபி வேலை செய்கிறவன் நான். நாள் முழுக்கத் தமிழ்99 விசைமுறையில் தட்டுகிற ஆள் என்பதால் ஆசைப்பட்டு, ஒவ்வொரு விசைக்கும் தனி ஸ்விட்ச் உள்ள ஒரு மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கினேன். ஸ்விட்ச் எல்லாம் அருமை, ஆனால் பிளாஸ்டிக் கேஸ், தட்டினால் காலி டப்பா சத்தம். அலுமினிய கேஸை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கூரியர், சுங்க வரி என்று விலை எங்கோ போய் நிற்கிறது. பம்புக்கும் மோட்டாருக்கும் பேர் போன ஊரில் உட்கார்ந்துகொண்டு இதற்கு எதற்கு வெளிநாடு என்று நானே கேஸுக்கு ஒரு டிராயிங் போட்டு எடுத்துக்கொண்டு கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் பட்டறைகளைத் தேடிக் கிளம்பிவிட்டேன்.

போன இடத்திலெல்லாம் முதல் கேள்வி, "எத்தனை நம்பர்ங்க?" எத்தனை பீஸ் வேண்டும் என்று அர்த்தம். ஒன்று என்றதும் முகம் மாறிவிடும். அதில் நியாயம் இருக்கிறது. வெட்டும் மெஷினுக்குப் புரோகிராம் போடுவது, அலுமினியக் கட்டையை வைஸில் பிடிப்பது, டூல் மாட்டி ஜீரோ எடுப்பது (அளவு தொடங்கும் இடத்தைக் குறிப்பது) எல்லாம் ஒரு பீஸுக்கும் நூறு பீஸுக்கும் ஒரே வேலைதான், நூறு என்றால் செலவு பிரிந்துவிடும், ஒன்று என்றால் மொத்தமும் என் தலையில். சரி, அந்த விலையைச் சொல்லுங்கள், தருகிறேன். அதையும் சொல்லாமல், முடியாது என்றும் சொல்லாமல், "அடுத்த வாரம் பாக்கலாங்க" என்றே மூன்று பட்டறைகளில் இரண்டு மாதம் ஓட்டினார்கள்.

நான்காவது பட்டறைக்காரர் பெரியவர். டிராயிங்கைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். எங்கோ பார்த்ததை வைத்து எல்லா அளவுக்கும் 0.01 மி.மீ. டாலரன்ஸ், அதாவது அளவு அவ்வளவுதான் பிசகலாம் என்று, போட்டிருந்தேன். "ஏந்தம்பி, இது ராக்கெட்டுக்குப் போகுதுங்களா?" 0.1 போதும் என்று மாற்றியதும் விலை பாதிக்குப் பக்கமாக இறங்கியது. உள்மூலைகளை வேறு கூர்மையாக வரைந்து வைத்திருந்தேன். சுற்றுகிற டூல் கூர்மூலை வெட்டுமா? 6 மி.மீ. டூல் போனால் மூலையில் 3 மி.மீ. வளைவு நிற்கத்தான் செய்யும். 14 மி.மீ. சதுர ஓட்டைகளில் ஸ்விட்ச் உட்காரும் பிளேட்டை மட்டும் 1.5 மி.மீ. தகட்டில் லேசர் கட்டிங் செய்துகொள்ளச் சொல்லி அவரே இடமும் காட்டினார். மெஷினுக்குள் போன 6061 ரக அலுமினியக் கட்டை மூன்று கிலோ, வெளியே வந்தது ஒரு கிலோ சொச்சம், மீதியெல்லாம் சீவல்.

அலுமினியத்தை அமிலத்தில் முக்கி மின்சாரம் பாய்ச்சி, சாயம் ஏற்றும் அனோடைசிங் தனிக் கதை. மேல் பாகத்தையும் கீழ் பாகத்தையும் வேறு வேறு நாளில் முக்கியிருக்கிறார்கள், ஒன்று கறுப்பு, மற்றது வெயிலில் பிடித்தால் பழுப்பு. 2 மி.மீ. திருகுக்கான எம்2 மரைகளை அடைக்காமல் விட்டதால் திருகு ஏறவில்லை, மறுபடி மரை வெட்டும் டேப் ஓட்ட வேண்டியதாயிற்று. இதையெல்லாம் விடப் பெரிய கூத்து என்னுடையது. யுஎஸ்பி-சி ஓட்டையை உலோக முனைக்கு மட்டும் அளந்து 9.5 மி.மீ. வைத்திருந்தேன், கேபிளின் தலையோ 11 மி.மீ.! பெரியவர் கேபிளை வாங்கி வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அரத்தை எடுத்து நீட்டினார். நான் ராவிய இடம் இன்றைக்கும் வெள்ளையாகப் பல்லிளிக்கிறது.

நான் கேட்பது சின்ன விஷயம். ஒற்றை பீஸ் செய்ய மனமுள்ள பட்டறைகள், செட்டிங்குக்கு இவ்வளவு, மெஷின் ஓடும் மணிக்கு இவ்வளவு என்று ஒரு பலகை வைக்கட்டும். வேலை குறைந்த சனிக்கிழமை மதியம் மட்டும் என்றாலும் பரவாயில்லை, காத்திருப்போம். பொறியியல் கல்லூரிகளும் பாடவேளை போக மீதி நேரத்தில் கட்டணம் வாங்கிக்கொண்டு வெளியாட்களுக்கு மெஷினை ஓட்டித் தரலாம், மாணவர்களுக்கும் கை பழகும். உங்கள் தொழில் பக்கத்தில் இப்படிச் செய்து தரும் இடங்களை அவ்வப்போது எழுதினால் என்னைப் போல அலைகிறவர்களுக்குப் பெட்ரோல் மிச்சம்.

கீபோர்டின் அடியில் வைக்கப் பித்தளை வெயிட் ஒன்று செய்ய வேண்டியது இன்னும் பாக்கி. அதுவும் ஒரு நம்பர்தான்.

– வாசகர், பீளமேடு, கோவை